தொப்பி இல்லை, பெல்ட் இல்லை

முதலில் தொப்பியைக் கழற்றச் சொல்வார்கள். அடுத்து பெல்ட். கோபத்தில் அதிகாரி மீது எதையாவது வீசிவிடக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பயத்தில் பிறந்த வழக்கம் என்பார்கள். காரணம் எதுவானாலும், அந்த இரண்டையும் கழற்றிய ஜவான் பாதி ஜவான்தான். வராந்தாவில் சுபேதார் மேஜர் குரல் கொடுப்பார்: “தேஜ் சல்!” நாலு எட்டு உள்ளே. “தம்!” எதிரே மேஜை, மேஜைக்குப் பின்னால் கமாண்டிங் ஆபீசர், அவர் கையில் ஒரு தாள்.

லீவு முடிந்து பதினொரு நாள் கழித்து வந்தது குற்றம். ஊரில் அம்மாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக் கிடந்ததில் தேதியே மறந்துபோனது. இதைச் சொல்லலாம் என்றுதான் ஜவான் வந்தார். ஆனால் உள்ளே நுழைவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சுபேதார் தோளைத் தட்டிச் சொன்னது காதிலேயே நிற்கிறது. “தம்பி, பெரிய சாப்கிட்ட எதிர்த்துப் பேசாதே. ஆமா சாப்னு ஒத்துக்கிட்டா லேசா முடிஞ்சிரும். நான் பார்த்துக்கறேன்.”

தம்பி ஒத்துக்கொண்டார். சுபேதார் கெட்டவர் இல்லை. தன் இருபத்தைந்து வருட சர்வீஸில் தெரிந்துகொண்டதைத்தான் சொன்னார்.

இது ஒரு தனிமனிதருடைய கதை இல்லை. பெயரையும் ரெஜிமென்டையும் மாற்றிப் போட்டால் நூற்றுக்கணக்கான வழக்குக் கட்டுகளில் இதே காட்சி வருகிறது. படைவீரரின் உரிமை என்றதும் உச்ச நீதிமன்றம், அரசியல் சாசனம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். அவருடைய வழக்கோ பெரும்பாலும் இந்த மேஜைக்கு முன்னால், இந்தச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பிறகு வருஷக்கணக்கில் நடப்பதெல்லாம் அன்று சொன்ன “ஆமா சாப்”பைத் திரும்ப வாங்கும் முயற்சிதான்.

ஒருவரே எல்லாம்

அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு, படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளை எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதன் நிழலில் நிற்பவை 1950-ன் ராணுவச் சட்டம், விமானப்படைச் சட்டம், 1957-ன் கடற்படைச் சட்டம். சங்கம் சேரக் கூடாது, பத்திரிகைக்குப் பேசக் கூடாது. 2020-ல் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவிட்டபோது, லெப்டினன்ட் கர்னல் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

உரிமையைக் குறைக்கலாம் என்பது சரி. தண்டனை எப்படி வருகிறது?

சின்னத் தவறுகளுக்கு ராணுவச் சட்டத்தின் 80-வது பிரிவு. கமாண்டிங் ஆபீசரே விசாரித்து, 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை வைக்கலாம். 14 நாள் சம்பளம் வரை அபராதம் போடலாம். எக்ஸ்ட்ரா டியூட்டி கொடுக்கலாம், கடுமையாகக் கண்டித்துப் பதிவு செய்யலாம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதிகாரி ஒருவரின் சீனியாரிட்டியைப் பறிக்கும் முன், “வேண்டாம், என்னைக் கோர்ட் மார்ஷலில் விசாரியுங்கள்” என்று கேட்கும் உரிமையைச் சட்டம் அவருக்குத் தருகிறது. சிறைக்குப் போகிற ஜவானுக்கு அந்தத் தேர்வு கிடையாது.

அடுத்த படி, சம்மரி கோர்ட் மார்ஷல். பெயரில்தான் கோர்ட். நீதிபதி அதே கமாண்டிங் ஆபீசர். கூட இரண்டு அதிகாரிகளோ, ஜே.சி.ஓ. எனப்படும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்களோ உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு ஓட்டு இல்லை. லெப்டினன்ட் கர்னலும் அதற்கு மேலும் என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம், வேலையை விட்டே நீக்கலாம். மேலிடம் உறுதி செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. தீர்ப்பு வாசித்த கையோடு தண்டனை அமலுக்கு வந்துவிடும். மேலதிகாரி பிறகு கோப்பைப் பார்த்துக் குறைக்கவோ ரத்து செய்யவோ முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவர் பார்ப்பதற்குள் ஆள் ரயில் ஏறி ஊர் வந்து சேர்ந்திருப்பார்.

போர்முனையில் வேறு வழி இல்லாதபோது வைத்துக்கொண்ட கருவி இது. அமைதிக் கால முகாம்களிலும் கைப்பழக்கமாகிவிட்டதைப் பார்த்துத்தான் 2016-ல் விஷவ் பிரியா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டியது. சம்மரி கோர்ட் மார்ஷல் என்பது விதிவிலக்கு, உடனடி நடவடிக்கை கட்டாயம் தேவைப்படும்போதுதான் எடுக்க வேண்டும் என்றது.

சாப்பிட மறுத்த சிக்னல்மேன்

இந்தத் துறை வக்கீல்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு: ரஞ்சித் தாகூர், 1987. நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா எழுதிய தீர்ப்பு.

தாகூர் ஒரு சிக்னல்மேன். தன்னை மோசமாக நடத்துகிறார்கள் என்று கமாண்டிங் ஆபீசரைத் தாண்டி மேலே மனு அனுப்பிவிட்டார். வரிசையை மீறினால் ராணுவத்தில் பெரிய குற்றம். 28 நாள் கடுங்காவல். அந்தத் தண்டனையில் இருந்தபோது, 1985 மே 29 அன்று, சுபேதார் ஒருவர் சாப்பிடச் சொல்லி உத்தரவிட்டார். தாகூர் சாப்பிடவில்லை.

மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல். குற்றச்சாட்டு: மேலதிகாரியின் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தது, எவரைப் பற்றிப் புகார் எழுதினாரோ அதே கமாண்டிங் ஆபீசர். ஓராண்டு சிறை, வேலையும் போயிற்று. தட்டில் இருந்த சோற்றுக்கு இத்தனை.

உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, ‘நான் பாரபட்சமாக இருக்கிறேனா’ என்று நீதிபதி தன் மனதைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. எதிரே நிற்கிறவர் மனதில் நியாயமான சந்தேகம் எழுமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, தண்டனை குற்றத்தோடு பொருந்த வேண்டும். பார்ப்பவர் மனசாட்சி அதிரும்படி இருக்கக் கூடாது. தாகூரை எல்லாச் சலுகைகளோடும் மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. இன்று அரசு ஊழியர் தண்டனை வழக்குகள் பலவற்றில் ‘விகிதாசாரம்’ என்று வாதம் வந்தால், அதன் அடியில் சாப்பிடாத ஒரு சிக்னல்மேன் இருக்கிறார்.

ஆனாலும் சந்தோஷப்பட்டு முடித்துவிட முடியாது. அடுத்த ஆண்டே வேறொரு ஜவானின் வழக்கில், கமாண்டிங் ஆபீசரே நீதிபதியாக இருப்பது மட்டும் பாரபட்சம் ஆகாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகை இருந்தது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டக் காகிதம் வேண்டும். குவார்ட்டர் கார்ட் என்ற யூனிட் காவல் அறையில் அடைபட்டிருப்பவர் எந்தக் காகிதத்தை எடுத்து வருவார்?

எவரும் வாசித்துக் காட்டாத விதிகள்

நம் ராணுவ விதிகள், 1954-ல் வந்தவை, ஜவானைக் கைவிடவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல விதிகள் அங்கே இருக்கின்றன.

விதி 22: குற்றச்சாட்டை அவர் முன்னிலையில்தான் கேட்க வேண்டும். எதிராகச் சாட்சி சொல்பவரை அவர் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் தரப்புச் சாட்சியைக் கூப்பிடலாம். குற்றம் நிற்கவில்லை என்றால் கமாண்டிங் ஆபீசர் அங்கேயே தள்ளுபடி செய்ய வேண்டும். நடைமுறையில் இது எத்தனை நிமிடம் நடக்கிறது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் சிரிப்பு வரும். மூன்று சாட்சிகளின் பெயரை வாசித்து, “ஏதாவது கேட்கணுமா?” “இல்லை சாப்.” அவ்வளவுதான்.

விதி 23-ல் சாட்சியங்களை எழுத்தில் எடுப்பார்கள். இதைப் பட்டாளத்தில் சுருக்கமாக ‘சம்மரி’ என்பார்கள்; சம்மரி கோர்ட் மார்ஷல் வேறு. இந்தக் கட்டத்தில்தான் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும்: நீ எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது எழுதப்பட்டு உனக்கு எதிராகவும் பயன்படலாம். அமெரிக்க ராணுவத்தில் இந்த எச்சரிக்கை விசாரணையின் முதல் கேள்விக்கு முன்பே வந்துவிட வேண்டும். சினிமாவில் போலீஸ்காரர் சொல்லி நாம் கேட்ட ‘மிராண்டா’ எச்சரிக்கை அங்கே 1966-ல்தான் வந்தது. சிப்பாய்க்கு அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே இருந்தது. நம் ஊரில் எச்சரிக்கை வருவதற்குள் சுபேதார் ஒருமுறை, கம்பெனி கமாண்டர் ஒருமுறை என்று எல்லோரும் கேட்டு முடித்திருப்பார்கள்.

வாக்குமூலங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படும். புரியாதவருக்கு அவர் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சி பெற்று மெட்ராஸ் ரெஜிமென்டில் இருப்பவருக்கு எப்படியும் தமிழ் கேட்கும் ஒரு காது கிடைத்துவிடும். சிக்னல்ஸிலோ சப்ளையிலோ எங்கோ வடக்கே தனியாக இருக்கும் தமிழ்ப் பையனுக்கு, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தால்தான் உண்டு. இந்தி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் இதைக் கேட்க வெட்கப்படுகிறார்கள்.

கோர்ட் ஆஃப் என்கொயரி என்பது வேறு. நிர்வாக விசாரணை அது. ஆனால் ஒருவரின் நன்னடத்தைக்கு அதில் பங்கம் வரும் என்றால், விதி 180-ன்படி முழு நேரமும் அவர் அங்கே இருக்கவும் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு. அங்கே சொன்னதைக் கோர்ட் மார்ஷலில் அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்கவும் முடியாது.

சம்மரி கோர்ட் மார்ஷலில் வக்கீல் எழுந்து வாதாட முடியாது. ‘ஃபிரெண்ட் ஆஃப் தி அக்யூஸ்ட்’ என்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் காதில் கிசுகிசுக்கலாம், சபையில் பேசக் கூடாது. அவரும் பெரும்பாலும் அதே யூனிட்டில், அதே அதிகாரியிடம் லீவுக்கு மனு கொடுக்கிறவர்தான்.

கடைசியாக, அந்த “ஆமா சாப்”. விதி 115 தெளிவாகச் சொல்கிறது: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சொன்னால், அதன் பொருள் என்ன, விளைவு என்ன என்று அவருக்குப் புரிகிறதா என்பதை நீதிமன்றம் உறுதி செய்து, அப்படிச் செய்ததையும் பதிவு செய்ய வேண்டும். இந்த ஒரு ஓட்டையில்தான் பல சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டனைகள் பின்னாளில் உடைந்திருக்கின்றன. ஒப்புக்கொண்டதாக டைப் அடித்த வரி இருக்கும், ஜவானின் கையெழுத்து இருக்காது. ஒப்புக்கொண்டவர் எதற்காகத் தண்டனைக்கு எதிராக இவ்வளவு மன்றாடுகிறார் என்று நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

சிவப்பு மை

28 நாள் தண்டனையை அனுபவித்து வெளியே வந்தவர் அதோடு முடிந்தது என்று நினைக்கிறார். முடிவதில்லை. அவருடைய நடத்தைத் தாளில் அது சிவப்பு மையில் ஏறியிருக்கும். நாலு சிவப்பு சேர்ந்தால், ‘இனி சேவை தேவையில்லை’ என்று விதி 13-ன் கீழ் டிஸ்சார்ஜ் செய்யும் வழக்கம் ராணுவத்தில் நெடுநாளாக இருக்கிறது. கோர்ட் மார்ஷலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஒரு நோட்டீஸ், ஒரு பதில், ஒரு ரயில் டிக்கெட்.

ஜவானுக்குப் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும். பதினான்காவது வருடம் டிஸ்சார்ஜ் ஆனவரின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வேலூர் கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் உள்ள ஊர்களில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்மிஸ் ஆனால் இன்னும் மோசம். அதுவரை பார்த்த சர்வீஸுக்கே பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது என்பது பொது விதி. குடியரசுத் தலைவர் மனமிரங்கினால் உண்டு.

2015-ல் வீரேந்திர குமார் தூபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்குப் பாடத்தை நிறுத்தியது. நாலு சிவப்பு என்பதற்காகத் தானாகவே வீட்டுக்கு அனுப்ப முடியாது. முதல்கட்ட விசாரணை வேண்டும். எத்தனை வருட சர்வீஸ், எந்தெந்தக் கஷ்டமான இடங்களில் இருந்தார், பென்ஷனுக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார், தவறுகள் உண்மையில் எவ்வளவு பெரியவை என்றெல்லாம் எடை போட வேண்டும். சுவாரசியம் என்னவென்றால், இவை எதுவும் நீதிமன்றம் புதிதாகக் கண்டுபிடித்தவை இல்லை. ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பரில் அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்தவை.

பெரிய கோர்ட்டிலும் சில புதிர்கள்

ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்காருவார்கள். சட்டம் தெரிந்த ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம். வெளி வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இன்னார் என்னை விசாரிக்கக் கூடாது என்று ஆட்சேபிக்கலாம். சாட்சியச் சட்டம் பொருந்தும். மரண தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

வெளியாட்களுக்கு வியப்பு தரும் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஏன் குற்றவாளி என்று காரணம் எழுத வேண்டியதில்லை. 1990-ல் எஸ்.என். முகர்ஜி வழக்கில் அரசியல் சாசன அமர்வே இதை ஏற்றுக்கொண்டது. காரணம் எழுதாத தீர்ப்பின் மீது மேல்முறையீடு செய்வது, விலாசம் இல்லாத வீட்டைத் தேடுவது மாதிரி. இரண்டு, ‘குற்றவாளி இல்லை’ என்று ஐந்து பேரும் சொன்னாலும், உறுதி செய்யும் அதிகாரி ‘மறுபடி யோசியுங்கள்’ என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். 160-வது பிரிவு.

கோர்ட்டைக் கூட்டுகிறவரே உறுப்பினர்களை நியமிப்பதும் தீர்ப்பை உறுதி செய்வதும் பிரிட்டிஷ் ஏற்பாடு. ஃபால்க்லாண்ட்ஸ் போரில் பங்கேற்ற ஃபிண்ட்லே என்ற ஸ்காட்ஸ் கார்ட்ஸ் வீரர் இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார். 1997-ல் வென்றார். பிரிட்டன் தன் முறையை மாற்றிக்கொண்டது. அவர்கள் கழற்றி வைத்த சட்டையை நாம் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

கோர்ட் மார்ஷலே நடத்தாமல் நீக்குவதற்கும் வழி இருக்கிறது. கோயில், குருத்வாரா வழிபாட்டில் தன் வீரர்களோடு கலந்துகொண்டும் கருவறைக்குள் மட்டும் நுழைய மறுத்த 3-வது கேவல்ரியின் கிறிஸ்தவ லெப்டினன்ட் ஒருவர் 2021-ல் அப்படித்தான் நீக்கப்பட்டார். விவகாரம் மென்மையானது, கோர்ட் மார்ஷல் உசிதமில்லை என்பது ராணுவத்தின் விளக்கம். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ராணுவத்தின் பக்கம் நின்றது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மதமா, கட்டளையா என்று பத்திரிகைகள் வாதாடின. எனக்கு உறுத்தியது வேறு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் ஒரு சபைகூட அவருக்குக் கூடவில்லை.

வேலூர்க் கோட்டையைக் கடக்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது. 1805 நவம்பரில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகை போடு என்று உத்தரவு. மறுத்தவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பி விசாரித்து, சவுக்கடி கொடுத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அந்த உத்தரவும் எழுத்தளவில் ஒழுங்கு உத்தரவுதான்.

எழும்பிய தீர்ப்பாயம்

1982-ல் லெப்டினன்ட் கர்னல் பிருத்தி பால் சிங் பேடி வழக்கில், சாட்சியத்தை மறுபரிசீலனை செய்ய ஒரே ஒரு மேல்முறையீடுகூட இல்லாதது பெரும் குறை என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. சட்டக் கமிஷன் தன் 169-வது அறிக்கையில் 1999-ல் அதையே சொன்னது. ஆயுதப் படைகள் தீர்ப்பாயச் சட்டம் 2007-ல் வந்து, 2009 ஆகஸ்டில் கதவு திறந்தது. இருபத்தேழு வருஷம். சென்னையிலும் ஒரு பெஞ்ச் உண்டு. ஒரு நீதிபதி, ஓய்வுபெற்ற ஒரு படைத் தளபதி என இருவர் சேர்ந்து கேட்பார்கள். கோர்ட் மார்ஷல் தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்யலாம், ஜாமீன் கேட்கலாம்.

தீர்ப்பாயத்துக்குப் பிறகு உயர் நீதிமன்றம் போகலாமா என்பதில் குழப்பம் இருந்தது. கூடாது என்கிற மாதிரி 2015-ல் ஒரு தீர்ப்பு. ஏழை ஜவான் நேரே டெல்லிக்குப் போக வேண்டிய நிலை. 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைச் சரிசெய்து, உயர் நீதிமன்றக் கதவு மூடவில்லை என்றது.

ஆனால் 80-வது பிரிவின் 28 நாள் தண்டனை, மூன்று மாதத்துக்குள் அடங்கும் சம்மரி கோர்ட் மார்ஷல் சிறை போன்றவை இந்தத் தீர்ப்பாயத்தின் வரம்புக்கு வெளியே. எந்தச் சிறிய தண்டனைகள் சேர்ந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்புமோ, அவற்றை அன்றைக்கே எதிர்க்க அங்கே இடமில்லை. நாலும் சேர்ந்து ஆள் வெளியே வந்த பிறகுதான் உள்ளே போக முடியும்.

எல்லைப் பாதுகாப்புப் படையினருக்கு இந்தத் தீர்ப்பாயமே கிடையாது, உயர் நீதிமன்றம்தான். 2017 ஜனவரியில் நீர்த்த பருப்பையும் கருகிய ரொட்டியையும் வீடியோவில் காட்டிய அந்தப் படையின் தேஜ் பகதூர் யாதவ் நினைவிருக்கும். ஏப்ரலில் டிஸ்மிஸ். ராணுவ ஜவானுக்கு என்றால், ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவு புகார் சொல்ல முறையான படிக்கட்டு தருகிறது. முதல் படியில் யார் மீது புகாரோ அவரே உட்கார்ந்திருந்தால் அடுத்த மேலதிகாரியிடம் போகலாம் என்றும் சொல்கிறது. அந்தப் படிகளில் நம்பிக்கை இல்லாத ஜவான் செல்போனைத்தான் எடுப்பார்.

ராணுவத்தின் தரப்பும் வெற்றுப் பேச்சு இல்லை. துப்பாக்கி வைத்திருக்கும் ஆயிரம் பேர் உத்தரவை விவாதித்துக்கொண்டு நிற்க முடியாது. கட்டுப்பாடு குலைந்தால் பாதிக்கப்படுவது பொதுமக்கள். 2010-ல் காஷ்மீரின் மச்சில் பகுதியில் நடந்த போலி மோதல் வழக்கில் ஒரு கர்னல் உட்பட ராணுவத்தினருக்குக் கோர்ட் மார்ஷல் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017-ல் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. ஆயுள் தண்டனை பெற்றவர் மேலே போய் ஜாமீன் வாங்க முடிகிறது. பதினொரு நாள் தாமதமாக வந்தவருக்கு 28 நாளை அங்கே எதிர்க்க இடம் இல்லை.

பையில் இருக்கும் ஒரு தாள்

இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மனைவி கூட வருவார். துணிக்கடைப் பையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் டிஸ்சார்ஜ் புக். வேறு எதுவும் இருக்காது. குற்றச்சாட்டுத் தாள் எங்கே? தரவில்லை, அல்லது தந்தார்கள், முகாமிலேயே போய்விட்டது. கோர்ட் மார்ஷல் நடவடிக்கை நகல்? அப்படி ஒன்று உண்டா?

உண்டு. விசாரிக்கப்பட்டவர் கோர்ட் மார்ஷல் நடவடிக்கைகளின் நகலைக் கேட்டுப் பெறலாம் என்று விதி 147 சொல்கிறது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, லீவு நீட்டிக்கக் கேட்டு யூனிட்டுக்குப் போன செய்தி, ஊர் போலீஸ் ஸ்டேஷனிலோ பக்கத்து ராணுவ முகாமிலோ தகவல் சொன்னதற்கு ஏதாவது ஒரு முத்திரை, எல்லாவற்றையும் தேடி எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பிரிவில் தண்டனை, எந்தத் தேதி, யார் சாட்சி என்று கேட்டால் அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மனைவிக்கும் தெரியாது.

சரி, நகல் கேட்டு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று வக்கீல் தாளை இழுப்பார். மேலே ராணுவ எண் போட வேண்டும். அதைக் கேட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுத்தும் எண்ணுமாகக் கடகடவென்று ஒப்பிப்பார், கடைசி எழுத்து வரை பிசகாமல்.